படுக்க வைத்துக் கேட்டால் வலி எப்படித் தெரியும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தீராத நரம்பு வலிக்கு முதுகுத் தண்டில் கரண்ட் கொடுக்கும் கருவியைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தப்பாக எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கருவியோடு நாலு வருஷமாக நடமாடுகிறவன் நான், எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான ஒன்று அதில் விட்டுப்போயிருக்கிறது.

கடலூர் – புதுச்சேரி தடத்தில் தனியார் பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் என்று நாள் முழுக்க நின்றபடியே போய் வந்த உடம்பு. இடுப்பில் ஜவ்வு விலகி ஆபரேஷன் ஆனது, தையலும் ஆறியது, கால் வலி மட்டும் போகவில்லை. உட்கார்ந்திருந்தால் அவ்வளவாகத் தெரியாது. எழுந்து பத்து அடி வைத்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரை சுள்ளென்று இழுக்கும். டாக்டரோ நாற்காலியில் உட்கார வைத்து, "பத்துக்கு எவ்வளவு வலி?" என்பார். அந்த நேரத்துக்கு இரண்டுதான், அதைத்தான் சொல்வேன். நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின் மாத்திரையில் வலி குறைந்ததைவிடத் தலைசுற்றல்தான் அதிகம்.

அப்புறம்தான் இந்தக் கருவி. வலி மூளைக்குப் போகிற வழியில் முதுகுத் தண்டில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது, வேறு உணர்ச்சியால் அதைச் சாத்த முடியும் என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் சொன்னார்கள். அதை நம்பி அமெரிக்காவில் ஷீலி என்ற டாக்டர் 1967-லேயே ஒரு நோயாளிக்குப் பொருத்திப் பார்த்துவிட்டார். மெல்லிய கம்பி தண்டுவடத்தை ஒட்டி இருக்கும், பேஸ்மேக்கர் மாதிரி ஒரு பேட்டரி இடுப்புப் பக்கம் தோலுக்கு அடியில் இருக்கும். கெட்டுப்போன நரம்பை இது சரி செய்யாது, வலியை மறைக்கும், அவ்வளவுதான்.

விட்டுப்போனது என்னவென்றால், தண்டுவடம் ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதில்லை. முதுகெலும்புக்குள் இருக்கும் நீரில் அது மிதக்கிறது. மல்லாந்து படுத்தால் கம்பியை நெருங்கி வந்துவிடும், கரண்ட் உறைக்கும். எழுந்து நின்றால் விலகிப் போகும், நடுவில் நீர் கூடிவிடும், அதே அளவு கரண்ட் போதாது. கரண்ட் வேலை செய்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், வலியை மறைப்பது அதுதான். எனக்குப் படுக்கையில் கால் முழுக்க அது ஊரும், நின்றால் அது ஒன்றுமே தெரியாது. எனக்கோ நிற்கும்போதுதானே வேண்டும்!

நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன்னால் சுமார் ஒரு வாரம் கம்பியை மட்டும் வைத்து, பேட்டரியை வெளியே இடுப்பில் கட்டிவிட்டுப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். எனக்குப் பார்த்த ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் ஏசி அறையில் படுக்க வைத்தே கேட்டார்கள். முக்கால்வாசி போய்விட்டது என்று நானும் சந்தோஷமாகச் சொன்னேன். மூன்றாம் நாள் டீ குடிக்கலாமென்று படியில் இறங்கினேன், பாதிப் படியிலேயே பழைய வலி பிடித்துக்கொண்டது. நல்லவேளை அன்றைக்கு இறங்கினேன். அதன் பிறகுதான் நிற்க ஒரு அளவு, படுக்க ஒரு அளவு என்று ரிமோட்டில் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

உடம்பு நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்பதைச் செல்போன் மாதிரி தானே உணர்ந்து கரண்ட்டை மாற்றிக்கொள்ளும் கருவிகளும் வந்திருக்கின்றன. நரம்பு என்ன பதில் தருகிறது என்று பார்த்து அதற்கேற்பக் கூட்டிக் குறைப்பவையும் உண்டு. நொடிக்கு 10,000 துடிப்பு கொடுக்கும் வகையில் அந்த எறும்பு ஊர்வதே தெரியாதாம். விலை எல்லாமே லட்சக்கணக்கில்தான், அதனால்தான் சோதனை வாரத்தைச் சும்மா படுத்துக் கழிக்காதீர்கள் என்கிறேன். நடங்கள், நில்லுங்கள், படி ஏறுங்கள், உங்களுக்கு எந்த வேலையில் வலி வருமோ அதைச் செய்து பார்த்துச் சொல்லுங்கள். குனிவது, முறுக்குவது, கனம் தூக்குவது மட்டும் கூடாது, கம்பி நகர்ந்துவிடும். நிரந்தரமாக வைத்த பிறகும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு உண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடச் சம்மதிக்க மாட்டார்கள் (கண்டக்டரிடம் போய் இதைச் சொல்கிறார்கள்!). என் மாதிரி பழைய வகைக் கருவி வைத்திருப்பவர்கள் வண்டி ஓட்டும்போது அதை அணைத்துவிட வேண்டும், திடீரென்று திரும்பினால் கரண்ட் தூக்கிப்போடலாம். இதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

இப்போது பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருக்கிறேன், நிற்கவும் உட்காரவும் முடிகிறது. சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் போகிறேன். மணலில் நடக்கும்போது மட்டும் ரிமோட்டில் இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் கண்டக்டர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.