ஒரு கை ஆட்டம்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

கல்லிடைக்குறிச்சியில் இரண்டு நாளாகச் சாரல். அப்பளம் காயவில்லை என்று தெருவே புலம்புகிறது. வேலை இல்லாததால் எழுத உட்கார்ந்தேன். போனில் என்றால் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

நான் ரிங் விளையாடுவதை அப்பா வீடியோவாக அனுப்ப, அதைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணின கையை வச்சுக்கிட்டு இந்த வயசுல என்னம்மா விளையாட்டு" என்று கத்தினாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

புற்றுநோய்க்காக மார்பை எடுத்தபோது அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுத்தது உனக்குத் தெரியும். அப்புறம் நீ மஸ்கட் போய்விட்டாய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ, அந்தச் சிவப்பு மருந்து. வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த ஆணி மாதிரி ருசி, சொதிகூட இறங்கவில்லை. பிறகு செங்கோட்டை பாசஞ்சரில் போய்ப் போய் 25 நாள் கரண்டு, அதான் ரேடியேஷன், வைத்தார்கள். அதெல்லாம் கழிந்துவிட்டது. வலது கைதான் தோளுக்கு மேலே எழும்பவில்லை. முடி திரும்ப முளைத்தபோது அதை இடது கையால்தான் சீவினேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: "குடத்தைத் தொடாதே, கை வீங்கிரும்." உன் அத்தை அரிவாள்மணையை ஒளித்தே வைத்துவிட்டாள். பாசம்தான். அந்தப் பாசத்தில் கை மரக்கட்டையாகிவிட்டது. அப்பா தன் பங்குக்கு யுவராஜ் சிங் கதையைச் சொல்லுவார். 2011 உலகக் கோப்பையில் தொடர் நாயகன், அடுத்த வருஷம் புற்றுநோய்க்கு கீமோ, அந்த செப்டம்பரிலேயே சேப்பாக்கத்தில் இறங்கி 34 ரன். அன்று இந்தியா ஒரு ரன்னில் தோற்றதை மட்டும் சொல்லமாட்டார். அவன் எங்கே, அப்பளம் உருட்டுகிற நான் எங்கே என்றுதான் இருந்தது.

பிசியோதெரபி பிள்ளை ஒரு சங்கதி சொன்னாள். 1996-இல் கனடாவில் டான் மெக்கென்சி என்கிற விளையாட்டு மருத்துவர், மார்புப் புற்றுநோய் வந்த 24 பெண்களைத் துடுப்புப் படகு ஓட்ட வைத்தாராம். கைக்கு வேலை கொடுத்தால் வீங்கும் என்று அப்போது அங்கேயும் இதே பயம். அவர்களில் ஒருத்திக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, கை கனத்தா உடனே வாங்க" என்றாள். சரி, படகுக்கு நான் எங்கே போவது?

அடுத்த வீட்டுப் பிள்ளை எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூட டெனிகாய்ட்டுக்காக, அதான் வலைக்கு மேலே ரப்பர் வளையத்தை எறிந்து பிடிக்கிற ஆட்டம், சுவரில் ரிங் எறிந்து பழகுவாள். ஒருநாள் அது மதில் தாண்டி நம் முற்றத்தில் விழுந்தது. இடது கையால் திருப்பி எறிந்தேன். "ஆச்சி, நல்லா எறியுதீங்களே!" என்றாள். ஏன் எறியமாட்டேன்? 1981-இல் பத்தாவது படிக்கும்போது நான் ஸ்கூல் டீம். அதோடு உன் தாத்தா படிப்பை நிறுத்திவிட்டார். உன்னிடம் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை.

முருங்கைக்கும் கிணற்றுத் தூணுக்கும் நடுவில் கொடிக்கயிறு கட்டினோம், அதுதான் வலை. இந்த ஆட்டத்தில் வளையத்தை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே எறிய வேண்டும். வலதில் வந்ததை நான் நைசாக இடதுக்கு மாற்றுவேன். "ஆச்சி, ஃபவுல்!" வீட்டில் எல்லாரும் அந்தக் கைக்கு இரக்கம் காட்டினார்கள், இவள் காட்டவில்லை. முதலில் இடுப்பு உயரத்துக்கு மெதுவாகப் போட்டாள், அப்புறம் நெஞ்சுக்கு, அப்புறம் தோளுக்கு. ராத்திரி கை விண்விண் என்று தெறிக்கும். வீக்கம் இருக்கிறதா என்று அப்பா தையல் டேப்பை வைத்து அளந்து காலண்டரில் குறித்து வைப்பார்.

தை மாதம் ஒருநாள் வளையம் உயரத்தில் வந்தது. நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது. பார்த்தால் காதுக்கு மேலே நிற்கிறது, வளையம் கைக்குள் இருக்கிறது. அப்படியே நின்றுவிட்டேன். "எறிங்க ஆச்சி, பிடிச்சு வச்சுக்கிட்டு நிக்கப்படாது!" என்று அவள் கத்தினாள். அதுவும் ரூல்தான்.

ரிங் விளையாடினால் கட்டி திரும்பி வராது என்று நான் சொல்லவில்லை. செக்கப்புக்கு முந்தின ராத்திரி இப்போதும் தூக்கம் வராது. ஆனால் காலையில் பத்து பாயிண்டாவது ஆடிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். ஒன்று, வலிக்கவில்லையே என்று நான் நாலு மாதம் கட்டியைக் காட்டாமல் இருந்தேன். நீ அப்படி இருக்காதே. அம்மாவுக்கு வந்தது என்று டாக்டரிடம் சொல்லி, எந்த வயதிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேள். மருமகனையும் கூட்டிப் போ.

அப்புறம், லீவுக்கு வரும்போது சோப்பு, சென்ட் எல்லாம் வேண்டாம். நல்ல ரப்பர் ரிங் இரண்டு வாங்கி வா. இது வெயிலில் கிடந்து வெடித்துவிட்டது. நேற்று 21-17, தோற்றது நான்தான். அவளுக்குக் கால் நீளம்.

அன்புடன்,
அம்மா