ஏணியும் ஆளும் இல்லாத ஒட்டுக்கேட்பு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் நடக்கப் போகிறாள். நீ போனில் சொன்ன புது வேலையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடங்களுக்காக ஒரு ஆப் செய்கிறோம், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அதுவே வருகை பதிந்துவிடும், பஸ் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும், வகுப்பில் பிள்ளை கவனிக்கிறதா என்பதையும் பின்னால் சேர்ப்போம் என்றாய். என்னென்ன டேட்டா எடுப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று எழுதிக் கொடுக்கிற பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகவும் சொன்னாய். உன்னை நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுத்தது எனக்குப் பெருமைதான். ஆனால் பேச்சோடு பேச்சாக, "தப்பு பண்ணாதவங்களுக்கு என்னப்பா பயம்?" என்றாய். அதற்கு உனக்கு ஒரு முழுப் பதில் சொல்ல வேண்டும், அது போனில் அடங்காது.

நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், ஊரின் எல்லாப் போன் கம்பிகளும் வந்து சேருகிற எம்.டி.எஃப். ரூமைச் சின்ன வயசில் நீயும் பார்த்திருக்கிறாய். தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்புச் சட்டம். ஒரு பக்கம் தெருவிலிருந்து பூமிக்கடியில் வருகிற கேபிள், ஜோடி ஜோடியாகப் பிரிந்து நிற்கும். மறுபக்கம் எக்ஸ்சேஞ்சின் நம்பர்கள். இரண்டையும் இணைப்பது ஜம்பர் வயர். கலெக்டர் வீட்டுப் போன் ஆனாலும் காய்கறி மண்டிப் போன் ஆனாலும் அந்த அறையில் வெறும் இரண்டு கம்பிதான். ஒருவர் பேசுவதை ஒட்டுக் கேட்க வேண்டுமானால் அவருடைய ஜோடியோடு இன்னொரு ஜோடியைப் பாரலலாகப் போட வேண்டும். அதற்கு ஒருவர் ஏணியில் ஏற வேண்டும். அடுத்த முனையில் இன்னொருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கேசட் தீர்ந்தால் மாற்ற வேண்டும், கேட்டதை எழுத வேண்டும், ராத்திரி ஷிஃப்ட்டுக்கு மாற்று ஆள் வேண்டும். ஊர் முழுவதையும் கேட்பது என்றால் அதற்கே ஒரு ஊர் ஜனம் வேலைக்கு வேண்டும். ஆக, அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் காதைக் கட்டுப்படுத்தி வைத்தது சட்டம் மட்டும் இல்லை, ஆள் பற்றாக்குறையும்தான். அதோடு, கம்பி போடுகிறவருக்கு அது யாருடைய நம்பர் என்று தெரியும். யாருக்கும் தெரியாமல் நடக்கிற காரியமாக அது இருக்கவில்லை.

அதனால்தான் விஷயம் வெளியே வந்தால் பெரிய கலாட்டா ஆகும். போன் ஒட்டுக்கேட்புப் புகாரில் 1988ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில் ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் அரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் சண்டை பிடித்தது, காங்கிரஸ் ஆதரவில் ஆட்சி நடத்திய பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். அதற்குப் பின்னால் அரசியல் கணக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் வேவு பார்ப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்ததால்தான் அந்தக் கணக்கே செல்லுபடியானது.

அப்புறம் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கு அது. 1885ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தை வைத்துக்கொண்டு இஷ்டத்துக்கு ஒட்டுக் கேட்க முடியாது என்றார்கள். பொதுவாக உள்துறைச் செயலாளர்தான் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அது இரண்டு மாதம் செல்லும், எவ்வளவு நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. வேலை முடிந்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். யார் உத்தரவு, எதற்காக, எத்தனை நாள், எப்போது அழிப்பது என்ற நான்கு கேள்விகளையும் போனில் பேசும் குரலுக்காக நீதிபதிகள் கேட்டார்கள். நீ அதையே ஒரு குழந்தையின் முகத்துக்காகக் கேட்க வேண்டும்.

இன்றைக்கு ஏணியும் வேண்டாம், ஹெட்போனும் வேண்டாம். நாமே காசு கொடுத்து வாங்கிய போன் நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கம்பெனி விளம்பரத்துக்காகத்தான் அதைச் சேர்க்கும். ஆனால் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் வாங்க ஆள் வரும். உலகம் முழுக்க முஸ்லிம்கள் தொழுகை நேரம் பார்க்கப் பயன்படுத்திய ஒரு ஆப்பிலிருந்து இருப்பிடத் தகவல் ஒரு தரகு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புள்ள ஒப்பந்ததாரர்கள் வரைக்கும் போயிருக்கிறது என்று 2020 நவம்பரில் செய்தி வந்தது. கிப்லா, அதாவது தொழும் திசை, எந்தப் பக்கம் என்று பார்க்கத் திறந்தவர்கள் என்ன தப்பு செய்தார்கள், சொல்லு.

சிங்கப்பூர் கதை இன்னும் நெருக்கமானது. கொரோனா வந்த 2020ல் அரசாங்கம் டிரேஸ்டுகெதர் என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று புளூடூத் வழியாகக் குறித்துவைக்கும். நோய்த் தொடர்பு தேட மட்டும்தான் என்று சொன்னார்கள், ஜனங்களும் நம்பிப் போட்டுக்கொண்டார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் குற்ற விசாரணைக்குப் போலீசும் அதை எடுக்க முடியும் என்பது வெளியே வந்தது. ஒரு கொலை வழக்கில் எடுத்தும் இருந்தார்கள். மக்கள் கோபப்பட்டார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும்தான் என்று சட்டம் போட்டார்கள். கொலைகாரனைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே, நல்ல மனசோடு கொடுத்த வாக்கு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. சேர்த்து வைத்த தகவல் முதலில் சொன்ன காரணத்தோடு நிற்காது. பயம் தப்பு செய்தவனுக்கு மட்டும் என்றால், எது தப்பு என்று தீர்மானிக்கிறவர்கள் இன்றைக்கும் என்றைக்கும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டும். அப்படி எங்கேயும் இருந்ததில்லை.

இப்போது உன் ஆப்புக்கு வருகிறேன். இதே வேலையைச் சுவீடனில் ஷெலெஃப்டியோ என்ற ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளி செய்து பார்த்தது. 22 மாணவர்கள், மூன்று வாரம், கேமரா முகத்தைப் பார்த்து வருகை பதியும். ஆசிரியர்களின் நேரம் மிச்சமாகும் என்பதுதான் காரணம், நீ சொன்னதும் அதுதான். சம்மதமும் வாங்கியிருந்தார்கள். அப்படியும் 2019 ஆகஸ்டில் அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் இரண்டு லட்சம் குரோனர் அபராதம் போட்டது. மாணவன் பள்ளிக்குக் கட்டுப்பட்டவன், அவனிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே ஆகாது என்றது. வருகை எடுக்க இதைவிட எளிய வழி இருக்கும்போது முகம் எதற்கு என்றும் கேட்டது. நம் ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பார். அட்மிஷன் அன்றைக்கு நீட்டுகிற படிவங்களில் எந்த அப்பா, எந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல முடியும்? உன்னைப் பள்ளியில் சேர்த்த அன்றைக்கு நானும் எதையும் படிக்காமல்தான் போட்டேன், எல்லோரும் அப்படித்தான்.

பஸ் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. மழை நாளில் பஸ் வராமல் வாசலில் நிற்கிற தாயின் கலக்கம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பஸ்ஸில் ஒரு ஜி.பி.எஸ். போதுமே, குழந்தையின் முகம் எதற்கு? பாஸ்வேர்ட் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆறு வயசுப் பிள்ளையின் முக அளவுகளின் பதிவு களவு போனால் அது எழுபது வயசு வரைக்கும் களவு போனதுதான். வகுப்பில் கவனிக்கிறதா என்று பார்க்கிற பகுதியை எப்படியாவது நிறுத்து. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதும் பிள்ளைப் பருவத்தில் சேர்ந்ததுதான். அதற்கு மார்க் போட்டுச் சேமித்து வைப்பது அநியாயம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதே. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்டவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, எண்பது வயசைத் தாண்டிய பிறகு போட்டார். தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கம்பெனிகளுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதற்கு மேலும் 18 மாத அவகாசம். 18 வயசுக்குட்பட்டவர்களைப் பின்தொடரக் கூடாது என்று அதில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, மத்திய அரசு தான் அறிவிக்கிற அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுக்கவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. போனுக்குள் நுழைந்து வேவு பார்க்கும் பெகாசஸ் என்ற மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் போட்ட குழு 29 போன்களைப் பார்த்தது, ஐந்தில் ஏதோ ஒரு உளவு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. அரசாங்கம் ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதியே 2022ல் நீதிமன்றத்தில் சொன்னார். யாரும் பதவி விலகவில்லை.

அதனால்தான் உன் மேஜையில் இருக்கிற அந்தத் தாள் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அது எந்த வேலைக்கு என்று எழுது. வேலை சொல்ல முடியாததை அடித்துவிடு. வருகைக்கு முகம் வேண்டாம், அட்டை போதும் என்று சொல்லிப் பார். கேட்க மாட்டார்கள் என்றால் போட்டோவைச் சேமிக்காமலாவது செய்ய வை. அழிக்கிற தேதியைக் கொள்கை அறிக்கையில் எழுதினால் போதாது, நாள் வந்தால் தானாக அழிகிற மாதிரி புரோகிராமிலேயே வைக்க வேண்டும். போலீசோ வேறு யாரோ கேட்டு வந்தால் எழுத்தில் உத்தரவு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது பதிவில் இருக்க வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, எனக்குத் தெரியும். உன் ஆட்சேபணையை ஈமெயிலில் எழுதிப் போடு, வாயால் சொன்னது நிற்காது. மேலே இருப்பவர் கோபப்பட்டால் படட்டும். ஒருவேளை அதனால் வேலைக்கே சிக்கல் வந்தாலும் என் பென்ஷன் இருக்கிறது, சில மாதத் தவணையைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடமும் பேசிவிட்டேன், அவளும் அதையேதான் சொன்னாள்.

கம்பெனித் தாளை எனக்கு அனுப்ப வேண்டாம், அது முறையில்லை. அதைப் பற்றிப் பேசுகிற கூட்டம் முடிந்ததும் எதை ஒப்புக்கொண்டார்கள், எதற்கு மறுத்தார்கள் என்று மட்டும் சொல்லு. ராத்திரி பத்து மணி ஆனாலும் பரவாயில்லை, கூப்பிடு.

அன்புடன்,
அப்பா