மூன்றாம் வகுப்புக்கு எதற்குப் பப்ளிக் பரீட்சைப் பயம்?

டெக்சாஸ் வாழ் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, 'ழ' எழுதச் சொன்ன நோட்டின் ஓரத்தில் வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். டெக்சாஸ் மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வைக்கும் ஸ்டார் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்காம். "ஃபெயிலானால் மறுபடியும் மூன்றாவதுதான் என்று அப்பா சொன்னார்" என்றாள்.

அது உண்மையில்லை. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு அப்படியொரு விதி இருந்தது. 2021இல் சட்டமன்றம் அதையும் நீக்கிவிட்டது. தேறாத பாடத்துக்குப் பள்ளி கூடுதல் பயிற்சி தர வேண்டும், அவ்வளவுதான். அந்த அப்பாவை நான் குறை சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளன்று வயிற்றைக் கலக்கியது நம் யாருக்குத்தான் மறந்திருக்கிறது? அந்தப் பயத்தைத்தான் பெட்டியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறோம்.

ஆனால் இது வேறு வகைத் தேர்வு. மூன்றிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். 2002இல் வந்த விதி. அதோடு ஐந்திலும் எட்டிலும் அறிவியல் தேர்வும் உண்டு. எட்டில் சமூக அறிவியலை டெக்சாஸ் தானாகச் சேர்த்துக்கொண்டது. இந்த மதிப்பெண்களை முக்கிய அளவுகோலாக வைத்துத்தான் மாநிலம் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. தேர்வன்று வகுப்பறைச் சுவரிலுள்ள பெருக்கல் வாய்ப்பாட்டைக்கூடத் தாள் ஒட்டி மறைத்துவிடுவார்கள். அன்றைக்கு நம் பிள்ளையைவிட ஆசிரியர் முகத்தில்தான் கவலை அதிகம் தெரியும்.

வேண்டாமென்று பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். தேர்வைத் தவிர்ப்பதற்காகப் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு இல்லை என்று டெக்சாஸ் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அனுப்பிவிடுங்கள். முந்தின இரவு நேரத்தோடு தூங்கவிட்டால் போதும்.

மெய்யாகவே கவனிக்க வேண்டிய இடம் உயர்நிலைப் பள்ளி. அல்ஜீப்ரா, உயிரியல், அமெரிக்க வரலாறு ஆகியவற்றில் ஒவ்வொன்று, ஆங்கிலத்தில் இரண்டு என ஐந்து தேர்வுகள். பட்டயம் பெற அவற்றில் தேற வேண்டும். அல்ஜீப்ராவை எட்டாம் வகுப்பிலேயே எடுக்கும் நம் பிள்ளைகள் அந்தத் தேர்வையும் அப்போதே எழுதிவிடுவார்கள்.

அறிக்கை வந்ததும் 'அப்ரோச்சஸ்' என்ற சொல்லைப் பார்த்து இடிந்துபோகாதீர்கள். நான்கு படிகளில் அது கீழிருந்து இரண்டாவது. மாநிலக் கணக்கில் தேர்ச்சிதான். தேர்ச்சி என்றதும் அறிக்கையை மடித்து வைத்துவிடவும் வேண்டாம். பிள்ளை எந்தப் பகுதியில் தடுமாறியிருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் அடுக்கியிருக்கும் பயிற்சிப் புத்தகங்களைவிட அந்தப் பத்து நிமிடப் பேச்சு உதவும். இந்த ஸ்டாரே 2027-28 கல்வியாண்டில் போய், ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகள் வரவிருக்கின்றன. இருக்கிற புத்தகங்கள் போதும், புதிதாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

இன்னொன்று, என் மனத்தில் நெடுநாளாக உறுத்துவது. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவம் கேட்கிறது. தமிழ் என்று எழுதினால் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள். குறைவாக இருந்தால் உதவி வகுப்பும், ஆண்டுதோறும் ஆங்கிலத் திறனை அளக்கும் டெல்பாஸ் தேர்வும் வரும்; உதவி வகுப்பை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாலும் டெல்பாஸ் நிற்காது. இந்தத் தொல்லை எதற்கு என்று ஆங்கிலம் எனப் போட்டுவிட்டு வருகிறோம். என் மூத்தவனுக்கு நானும் அப்படித்தான் போட்டேன். முதல் வகுப்பு முழுக்க, புரியாத இடத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். உதவிக்கு யாரும் வரவில்லை, வரக் காரணமும் இல்லை. இளையவளுக்குத் தமிழ் என்றே எழுதினேன். சோதித்தார்கள், ஒரு வருடம் உதவி வகுப்பில் இருந்தாள், வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிறு வகுப்புக்கு வரும்போது அந்தச் சிறுமியின் அப்பாவைச் சற்று உள்ளே வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி