முகாம் வளவைக் கூட்டிப் பெருக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நம் ஊர்ப்பக்கம் எந்த விழா முடிந்தாலும் நன்றியுரை ஒரே வரிசையில்தான் போகும். பிரதம விருந்தினர், விசேட விருந்தினர், கௌரவ விருந்தினர், அன்பளிப்புத் தந்தோர். கடைசியில், சனம் கதிரையை விட்டு எழும்புகிற நேரத்தில், "மற்றும் பல வழிகளிலும் உதவிய அனைவருக்கும்". மட்டக்களப்பில் நமது மெதடிஸ்த சபை நடத்தும் விடுமுறை முகாமில் படித்து வளர்ந்த பழைய பிள்ளைகளின் ஒன்றுகூடலும் நிதி சேர்ப்பும் நடந்த அந்த வார இறுதியைச் சுமந்தவர்கள் எல்லாரும் அந்தக் கடைசி வரிக்குள் இருப்பவர்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். விருந்தினர்கள் கோபிக்க மாட்டார்கள். அவர்களுக்கு மேடையிலேயே மாலை போட்டாயிற்று.

முதல் நன்றி வளவைக் காக்கும் அண்ணருக்கும் அவர் வீட்டாருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்த நிலத்தில் ஒரு கட்டடம் நின்று நிலைப்பது லேசான காரியம் இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி மண்டபத்துத் தகரங்களைப் பிடுங்கி வாவிக்குள் எறிந்தது. 1990 இல் மீண்டும் சண்டை மூண்டபோது முகாமே நின்றுபோனது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து படுக்கை மண்டபத்தின் கிழக்குச் சுவரைக் கொண்டுபோனது. 2007 இல் சண்டையால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் அதே மண்டபத்தில்தான் இருந்தன. (சிலர் அதையும் சேதக் கணக்கில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. அந்தக் கட்டடம் செய்த ஊழியங்களில் அதுதான் பெரியது.) இத்தனைக்கும் பிறகு கிணறு தூராமலும் வேலி சரியாமலும் இருப்பதற்கு, சம்பளம் ஒழுங்காகப் போகாத வருடங்களிலும் அங்கேயே இருந்த அந்தக் குடும்பம்தான் காரணம்.

மணியாக நாங்கள் அடித்த தண்டவாளத் துண்டு நினைவிருக்கிறதா? பழைய இரும்பு வாங்க வந்தவர்கள் அதற்கு விலை பேசியபோது, "அது சபைச் சாமான்" என்று சொல்லித் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தவர் அண்ணரின் தகப்பனார். சனிக்கிழமை விடிய அது மறுபடி மாமரத்தில் தொங்கி அடித்தபோது, பெரிய பெரிய உத்தியோகத்தர்களெல்லாம் பிரஷ்ஷும் துவாயுமாகக் கிணற்றடிக்கு ஓடினார்கள். வரிசையில் முந்துவதற்குச் சண்டையும் பிடித்தார்கள்.

அடுத்தது குசினி. மாதர் ஐக்கியத்து மாமிமாரே, பெரியம்மாமாரே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வெள்ளி இரவு பிட்டும் எருமைத் தயிரும், சனி காலை இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறும் இறாலும் கீரைச் சுண்டலும், நடுவில் எத்தனை முறை தேத்தண்ணி என்று யாரும் எண்ணவில்லை. கச்சான் காற்று அடுப்பைப் பக்கத்துக்குப் பக்கம் திருப்ப, தகரத்தால் மறைப்புக் கட்டிக்கொண்டு சமைத்தீர்கள். மூத்த மாமி ஒருவர் அகப்பையும் கையுமாகப் பந்தியில் நின்று, ஸ்காபறோவிலிருந்து வந்திருந்த ஒருவரைப் பார்த்து, "என்ன மனே, இவ்வளவுதானா தின்னுற? கனடாவில சோறு தாறல்லையா?" என்று கேட்டதில், இரத்தத்தில் சீனி பார்த்துச் சாப்பிட வேண்டிய அந்த மனிதர் மூன்றாம் தரமும் கோப்பையை நீட்டினார். அவருடைய மனைவி எனக்கு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கரைவலை முதலாளியும் வலை இழுத்த தம்பிமாரும் சனிக்கிழமை மீன்பாட்டில் ஒரு பங்கை முகாமுக்கென்று ஒதுக்கித் தந்தார்கள். பணம் கொடுக்கப் போன எங்களிடம், "எங்கட பிள்ளைகளும் அங்கதானே படம் கீறப் போனதுகள்" என்றார்கள். அவர்கள் நம் சபையார் அல்லர்.

மற்றச் சனங்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கதிரையும் பெரிய பாத்திரங்களும் தருவதாக ஒப்புக்கொண்ட ஒருவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் கைவிரித்துவிட்டார். அப்போது பக்கத்துக் கோயில் பரிபாலன சபையார் அன்னதானக் கிடாரங்களையும் கதிரைகளையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, தாங்களே கொண்டுவந்து இறக்கினார்கள். வாடகை பற்றிய பேச்சே இல்லை. "வடிவாக் கழுவித் தாங்க, அது போதும்" என்றார் தலைவர். காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கும் நானா, படுக்கை விரிப்புகளைக் கொள்விலைக்கும் குறைவாகத் தந்ததோடு நிற்காமல், சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு வந்து ஏலத்திலும் உட்கார்ந்தார். புகையிரத நிலையத்தில் உதயதேவியில் வந்து இறங்கியவர்களை ஏற்றி வந்த ஓட்டோக்காரர்கள் பெற்றோல் காசு மட்டும் வாங்கினார்கள். மண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களைக் குருமண்வெளித் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்த பாதைக்காரர்களுக்கும் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு ஓட்டுகிறவர்களுக்கும்) நன்றி. கிழவிகளை ஏற்றி இறக்குகையில் நீங்கள் காட்டிய பொறுமை எனக்கு வராது.

சனி இரவைப் பற்றிக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும், ஏனென்றால் காசு சேர்ந்தது அப்போதுதான்.

தீ மூட்டி, பழைய பாட்டுகளைப் பாடி, கண்ணீரும் விட்டு முடிந்த பிறகு, ஓய்வுபெற்ற நமது ஆசிரியர் ஐயாவைப் பேசக் கூப்பிட்டோம். முகாமில் அவர் வழக்கமாகச் சொல்லும் கதையைத்தான் சொன்னார். 1813 முடிகிற நேரத்தில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட முதல் மெதடிஸ்த குருமாரின் தலைவர் தோமஸ் கோக் 1814 இல் கடலிலேயே இறந்தது, மற்றவர்கள் இலங்கையில் கரையேறியது, அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டது, தமிழ் படிக்கத் தொடங்கியது, பள்ளிக்கூடங்கள் திறந்தது, மறுவருடமே இங்கே மரித்தது. நாங்கள் சின்ன வயதில் இதைக் கேட்டு நித்திரையாகிப் போவோம். இந்த முறை முடிவை மாற்றிவிட்டார். "அந்த மனுசன் இந்த ஊரில ஒரு வருசம்கூட முழுசா இருக்கல்ல. அதுக்குள்ள பள்ளிக்கூடம் திறந்தார். நீங்க இத்தனை வருசமா இந்த முகாமுக் கக்கூசுக்கு ஒரு கதவு போடல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேடை அலங்காரத்துக்கும் பதாகைக்கும் நாங்கள் செலவழித்ததை விட அந்த ஒரு வாக்கியம் கூடக் காசு கொண்டுவந்தது. ஐயா, உங்களுக்கு நன்றி. இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு ஏலம். அறுவடை விழாவில் நடப்பது போலவே நடந்தது. தயிர்ச் சட்டிகள், பலாப்பழம், முட்டைக் கோழி, படுவான்கரை அம்மாமார் இழைத்த பன்பாய்கள், மருதமுனைக் கைத்தறிச் சாரங்கள். ஒரு பூசணிக்காயை வாங்கியவர் திருப்பிச் சபைக்கே கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வர, அடுத்தவரும் அப்படியே செய்ய, காய் கை மாறி மாறி விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அதை வாங்கி உண்மையாகவே வீட்டுக்குக் கொண்டுபோனவர் காத்தான்குடி நானாதான். ஏலம் கூறிய தம்பிக்குத் தொண்டை கட்டி ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க முடியாமல் போனது; முகாமைக்குரு (சபையின் பொறுப்புக் குரு) ஐயா அதையும் காணிக்கையாக ஏற்றுக்கொண்டார்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, உங்களை மறக்கவில்லை. கனடா, லண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று எங்கெங்கோ இருந்து பணம் அனுப்பினீர்கள்; சிலர் லீவு எடுத்து வந்தும் சேர்ந்தீர்கள். மனம் நிறைந்த நன்றி. ஆனால் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வாசலில் பெரிய வளைவு கட்டி அதில் கொடையாளர் பெயர்களைப் பொறிக்கலாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். குழு கூடிப் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தது. வளைவுக்குப் போகும் சீமெந்தில் கிழக்குச் சுவரைப் பாதி கட்டிவிடலாம். பெயர் வைக்கத்தான் வேண்டும் என்றால் வளவுக்கார அண்ணரின் தகப்பனாரிலிருந்து தொடங்க வேண்டும், மாமிமார் எல்லாரையும் எழுத வேண்டும், வலை இழுத்தவர்களை எழுத வேண்டும். அவ்வளவு அகலமான வளைவைத் தாங்க அந்த மணலால் முடியாது.

சேர்ந்த பணத்தில் முதல் வேலை கழிப்பறைகள்: கதவு, தண்ணீர்த் தாங்கி, பெண் பிள்ளைகளின் பக்கத்துக்குத் தனி வழியும் வெளிச்சமும். இரண்டாவது கிழக்குச் சுவர். மிச்சம் இருப்பதை அடுத்த முகாமுக்கு வரும் பிள்ளைகளின் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். 2014 இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வருவது சுகம்தான். ஆனால் வழி சுகமானதால் கட்டணம் கட்டக் காசு வந்துவிடுவதில்லை. வேளாண்மை பொய்த்த வருடத்தில் தகப்பன்மார் முதலில் வெட்டுகிற செலவு இப்படியான முகாம்தான். அந்தப் பிள்ளைகளின் இடங்களை இம்முறை முதலிலேயே எழுதி வைத்துவிட்டோம். எந்தப் பிள்ளை காசு கட்டியது, எது கட்டவில்லை என்பது பொருளாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, என்னையும் சேர்த்து. வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவித்தல் பலகையில் பற்றுச்சீட்டுகளோடு ஒட்டப்பட்டிருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் கேட்கலாம். அவர் சந்தோசமாகக் காட்டுவார், சுருக்கமாக மட்டும் பேச மாட்டார்.

திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமலே வந்து குப்பை பொறுக்கி, சாம்பலை அள்ளி, பந்தல் கம்புகளைக் கழற்றிக் கொடுத்த வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளே, உங்களில் பாதிப்பேர் அந்த முகாமில் ஒரு நாள்கூடப் படுத்தது இல்லை. நீங்கள் வளரும் காலத்தில் அது மூடிக் கிடந்தது. எங்களுடைய பழைய கதைகளை இரண்டு நாள் பொறுமையோடு கேட்டதற்கும் சேர்த்து நன்றி.

இனி சில்லறை விஷயங்கள். கிணற்றடியில் ஒரு மூக்குக்கண்ணாடியும், மண்டபத்தில் ஒரு நீல நிறத் தேத்தண்ணிப் போத்தலும், சோடி சேராத செருப்புகள் பலவும் கிடக்கின்றன. அண்ணர் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். கோயில் கிடாரங்கள் கழுவித் திருப்பிக் கொடுக்கப்பட்டன, ஆனால் பெரிய கிடாரத்தின் மூடி ஒன்று மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. யாரோ சோறு மூடி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். திருவிழாவுக்கு முன் கொண்டுவந்து தாருங்கள், நாங்கள் பெயர் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர் சார்பில்,
செயலாளர்