'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்தால் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. எத்தனை வேகம், சாலையின் எந்தப் பக்கம், பிரேக் பிடித்தாரா இல்லையா என்பதற்கு அந்தத் தொடரில் விடை இல்லை. காயம்பட்டவருக்கும் ஓட்டுநருக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் பல ஆண்டுகள் நடக்கும் வழக்கு முழுக்க இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் ஓடுகிறது. விடைகள் சாலையில் கிடந்தவை. யாரும் அளக்காமல் விட்டதால் அன்றைக்கே அழிந்து போனவை.

அளவுக்குப் பதிலாக நம்மிடம் இருப்பவை இரண்டு வாய்ப்பாடுகள். 'பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு' என்பது ஒன்று. 'பின்னால் இடித்தவன் மேல்தான் தப்பு' என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. இரண்டாவது பாதி உண்மை. 1989 சாலை விதிமுறைகளின் 23ஆம் விதி, முன்வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விடச் சொன்னது. அடுத்த 24ஆம் விதியோ, பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலன்றி சட்டென்று பிரேக் அடிக்கக் கூடாது என்றது. இந்த இரண்டாவது கடமையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

கோவையில் 2017 ஜனவரியில் நடந்த ஒரு விபத்து இதற்குச் சரியான பாடம். நெடுஞ்சாலையில் முன்னால் சென்ற கார் சைகை எதுவும் இல்லாமல் திடீரென நின்றது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார். அவருக்கும் பின்னால் வந்த பேருந்து கால் மேல் ஏறி, காலை இழந்தார். விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம், பைக்குக்கு 20 சதவீதம், பேருந்துக்கு 80 சதவீதம் பொறுப்பு என்றது. காருக்குப் பொறுப்பே இல்லை. உயர் நீதிமன்றம் கார் 40, பேருந்து 30, பைக் 30 என்று மாற்றியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் 50, பேருந்து 30, பைக் 20 என்று முடித்தது. மனைவிக்கு வாந்தி வந்ததால் நிறுத்தினேன் என்று கார் ஓட்டுநர் சொன்ன காரணத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இடைவெளி விடாததற்கும் உரிமம் இல்லாததற்கும் சேர்த்து மாணவர் மேல் 20 சதவீதம் நின்றது. பூஜ்யத்தில் இருந்த கார் ஐம்பதுக்கு வர எட்டு ஆண்டுகள் ஆயின.

சாலை என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். மோதிய இடமும் வண்டிகள் கடைசியில் நின்ற இடமும் ஒன்றல்ல. வண்டி நின்ற இடத்தை வைத்து 'ராங் சைடில் வந்தான்' என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மோதலின் வேகத்தில் வண்டி சுழன்று எதிர்ப்பக்கம் போய் நிற்பது சாதாரணம். மோதிய இடத்தைக் காட்டுவது மட்கார்டுக்கு அடியிலிருந்து உதிர்ந்த காய்ந்த சேற்று மண்ணும், வளைந்த இரும்பு தாரைப் பெயர்த்த ஆழமான கீறலும். மண் மோதிய இடத்துக்கு அருகிலேயே விழும். கண்ணாடிச் சில்லுகளை நம்பக் கூடாது. வண்டி போன திசையில் பறந்து தள்ளித்தான் விழும். ரேடியேட்டர் தண்ணீரின் ஒழுக்கு, மோதலுக்குப் பின் வண்டி போன வழியைக் காட்டும். தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்தாலோ, யாரோ துடைப்பத்தால் கூட்டினாலோ இவ்வளவும் போய்விடும்.

அடுத்தது டயர் தடம். காய்ந்த தார்ச்சாலையில் 20 மீட்டர் தடம் விட்டு ஒரு கார் நின்றிருந்தால், பிரேக் பிடித்தபோது அதன் வேகம் மணிக்குச் சுமார் 60 கி.மீ. தடத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து, உராய்வு எண்ணால் (காய்ந்த தாருக்கு ஏறத்தாழ 0.7) பெருக்கி, மீண்டும் 254ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் இந்த எண் வரும். மழை ஈரத்தில் உராய்வு 0.4 அளவுக்கு இறங்கும். அப்போது அதே 20 மீட்டருக்கு 45 கி.மீ.தான். ஆகவே தடத்தை அளப்பவர் சாலை ஈரமா காய்ந்ததா என்று எழுதாவிட்டால் அந்த அளவால் பயனில்லை. தடத்தின் முடிவில் வண்டி நிற்காமல் மோதியிருந்தால், கிடைப்பது குறைந்தபட்ச வேகம் மட்டுமே. இன்னொரு எச்சரிக்கை: ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி கறுப்புத் தடம் விடாது, விட்டாலும் மங்கலாகவே இருக்கும். 'தடமே இல்லை, எனவே பிரேக்கே பிடிக்கவில்லை' என்ற பழைய வாதம் இன்றைய கார்களுக்குப் பொருந்தாது.

பிரேக் பிடித்ததை வண்டியே சொல்லும். அழுத்திப் பிடித்தால் மூக்கு தாழும், பின்புறம் எழும். பின்னால் வந்த கார் பிரேக் பிடித்தபடி மோதியிருந்தால் அதன் பம்பர் முன்வண்டியின் பம்பருக்குக் கீழே நுழைந்திருக்கும். பிடிக்காமல் மோதியிருந்தால் இரண்டு பம்பர்களிலும் அடிபட்ட தடம் வழக்கமான உயரத்திலேயே இருக்கும். அடி விழுந்த உயரத்தைத் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்துவிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றிய பிறகு இதைக் கேட்டு எந்தப் பயனும் இல்லை.

மூன்று கார்கள் அடுத்தடுத்து மோதியிருந்தால், முதல் காரில் இருந்தவர்களிடம் ஒரே கேள்வி போதும்: ஓர் இடியா, இரண்டு இடியா? ஓர் இடி என்றால் பெரும்பாலும் நடுக்கார் நின்றிருக்கிறது, மூன்றாவது கார் அதைத் தள்ளியிருக்கிறது. இரண்டு என்றால் நடுக்காரே முதலில் இடித்திருக்கிறது. அன்றே கேட்டு எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து எல்லோருக்கும் இரண்டு இடி நினைவுக்கு வரும்.

இரவில் விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதிய வழக்குகளில் பின்விளக்கு பல்பு மிக முக்கியம். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருக்கும்; மோதலில் நீண்டு வளைந்துவிடும். அணைந்திருந்த பல்பின் இழை சுருள் கெடாமல் இருக்கும் அல்லது வெடுக்கென்று ஒடிந்திருக்கும். எல்.இ.டி. விளக்கில் இந்தச் சோதனை செல்லாது. உடைந்த விளக்கைக் குப்பையில் போடாமல், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் வரை உறையிலிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கேமராப் பதிவு இருந்தால் வேகத்தையே கணக்கிடலாம். நொடிக்கு 25 படம் ஓடும் பதிவில் 12 மீட்டர் தூரத்தை 20 படங்களில் ஒரு கார் கடந்தால், 0.8 நொடி, அதாவது மணிக்கு 54 கி.மீ. ஆனால் பல கடைகளின் பதிவுக்கருவி இடத்தை மிச்சப்படுத்த நொடிக்கு 12, 15 படங்களே சேமிக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் கணக்குப் போட்டால் வேகம் இரட்டிப்பாகத் தெரியும். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும் என்பதால் கடைக்காரரிடம் அன்றே கேட்க வேண்டும். டேஷ்கேம் (வண்டிக்குள் முன்பக்கம் பொருத்தும் கேமரா) என்றால் மெமரி கார்டை உடனே கழற்ற வேண்டும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவின்படி சான்றும் தேவை.

காவல் துறையிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதிகளே, சம்பவ இடத்தைப் படம் எடுக்கவும், சாலையின் அகலம், வண்டிகள் நின்ற நிலை ஆகியவற்றுடன் அளவுப்படி வரைபடம் தயாரிக்கவும் விசாரணை அதிகாரிக்குச் சொல்கின்றன. 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 90 நாள்களில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நடைமுறையில் பார்வை மகஜருடன் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல் துறை எழுதும் குறிப்பு) வருவதோ, இரண்டு கோடுகளும் ஒரு பெருக்கல் குறியும் போட்ட மாதிரி வரைபடம். எண் எழுதிய மின்கம்பம், கிலோமீட்டர் கல் போன்று நகராத இரண்டு பொருள்களிலிருந்து ஒவ்வொரு அடையாளத்துக்கும் டேப் பிடித்தால் போதும். இரண்டு காவலர்களுக்கு அரை மணி நேர வேலை.

விபத்தில் சிக்கியவர்கள் முதலில் 108ஐயும் 112ஐயும் அழையுங்கள். உயிரைக் காப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது. பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு திசையிலிருந்தும் தூரப்படம், அப்புறம் கிட்டப்படம். 'தப்பு என்னுது' என்றோ 'உன்னுது' என்றோ அங்கே எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஓட்டுநர்களுக்கு ஒன்று. அலைச்சலுக்குப் பயந்து, குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருபவர்கள் ஏராளம். அந்த ஒப்புதலே பின்னர் இழப்பீட்டு வழக்கில் அவர்களுக்கு எதிரான சான்றாக வைக்கப்படும். வழக்கறிஞரிடம் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். பாதிக்கப்பட்டவர்கள் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, மோதிய இடம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்.

இப்படிக்கு,
வாகன விபத்து மதிப்பீட்டாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.