இந்தச் சுவரைப் பூசிய கொத்தனாருக்கு

கொத்தனார் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பின்னறையின் சுவரை நீங்கள்தான் பூசினீர்கள் என்பது மட்டும் தெரியும். இந்த வீட்டின் வயதைப் பார்த்தால் நீங்கள் இப்போது இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும். போன வருஷம் உங்களை ரொம்பவே திட்டிவிட்டேன்.

எனக்குக் கட்டட வேலை தெரியாது. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவன். பின்னறையில் அடைந்து கிடந்த சாமான்களை ஒழித்துவிட்டு, உட்கார்ந்து படிக்க ஓர் இடம் பண்ணிக்கொள்ளலாம் என்று ஆசை. பீரோவை நகர்த்திய பிறகுதான் சுவரே கண்ணில் பட்டது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து நின்றது. தொட்டால் உதிர்ந்தது. உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. "எவன் பூசினானோ" என்று ஆரம்பித்தேன். அந்த எவன் நீங்கள்தான்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். சுரண்டினேன், பட்டி பார்த்தேன், 'ஈரம் புகாது' என்று டப்பாவில் போட்டிருந்த பெயிண்டை வாங்கி இரண்டு கோட் அடித்தேன். இரண்டே மாதம். பெயிண்ட் பூரித்துக்கொண்டு கிளம்பியது, இந்தத் தடவை இடுப்பு உயரத்தில். கீழே வெளியேற வழியில்லாமல் போனதால் ஓதம் மேலே ஏறி வழி தேடியிருக்கிறது. இது என் மண்டையில் ஏற இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

அப்புறம்தான் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எனக்குச் சுவர்ப்பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. வெளியே போய்ப் பார்த்தேன். காலம் காலமாக மண்ணைக் கொட்டிக் கொட்டி, வெளித்தரை அறையின் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. மழைத்தண்ணீர்க் குழாய் வேறு சரியாக அந்த மூலையில் வந்து முடிந்தது. ஒரு வாரம் மண்ணை வெட்டி அள்ளினேன், குழாயைத் தள்ளி விட்டேன். இந்தச் சுவருக்கு நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். அதற்குச் சுவரைத் தொடவே தேவைப்படவில்லை.

உள்ளே, விரல் மடக்கித் தட்டினால் பூச்சு பொக்குப் பொக்கென்றது. மெயினை அணைத்துவிட்டு உளியை வைத்தேன். (சுவரில் துணி சுற்றின பழைய ஒயர் ஓடியது. அந்த விஷயத்தில் எனக்கு வீரம் கிடையாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டேன்.) நான் பயந்த அளவுக்கு அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பூச்சு பலகை பலகையாகக் கையோடு வந்தது. அடைத்து வைத்த கிணற்றைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. வந்த பலகையைத் திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறம். சிமெண்ட்.

உங்களுக்கும் எனக்கும் நடுவில் யாரோ வந்து போயிருக்கிறார்கள். ஜோசப் ஆஸ்ப்டின் 1824ல் இங்கிலாந்தில் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்றாலும், நீங்கள் சுண்ணாம்பை நம்பித்தான் வேலை செய்திருக்கிறீர்கள். செங்கல்லுக்கு நடுவில் சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் அதன் நுண்துளைகள் வழியாக வெளியே வந்து காய்ந்து போகும். உப்பு பூத்தாலும் பூச்சின் மேல்தான் பூக்கும். பல வருஷத்துக்கு ஒரு தடவை கீழ்ப்பூச்சை மட்டும் மாற்றினால் போதும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். பின்னால் வந்தவர், கெட்டியாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் சிமெண்டைப் பூசியிருப்பார். அந்தப் பூச்சுக்குப் பின்னால் ஈரம் மாட்டிக்கொண்டது. உப்பு செங்கல்லின் முகத்துக்குள்ளேயே படிகமாகி அதை வெடிக்க வைத்திருக்கிறது. நான் ஒரு கல்லின் மேல் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாகத் திருகினேன், அரை அங்குலத்துக்குச் செம்பொடியாகக் கொட்டியது. சிமெண்டைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அடியில் ஈரத்தடுப்பு வைத்துக் கட்டிய சுவரில் அது பாட்டுக்கு நிற்கும். உங்கள் சுவரின் கணக்கு வேறு.

நெஞ்சு உயரத்துக்கு மேல் அவர் கை வைக்கவில்லை. அங்கே உங்கள் பூச்சு அப்படியே இருந்தது. பெயிண்டைச் சுரண்டியபோது ஜன்னலுக்குப் பக்கத்தில் நாலு குழி தெரிந்தது, வரிசையாக. ஏதோ பூச்சி அரித்தது என்று நினைத்தேன். விரல் தடம். என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. உங்கள் விரல் தடிமன். பூச்சு இறுகிவிட்டதா என்று அழுத்திப் பார்த்திருக்கிறீர்கள் என்பது, அதே வேலையை நானும் செய்தபோதுதான் புரிந்தது. நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், விரலால் அமுக்கினால் குழி விழக் கூடாது. அதுதான் பதம். அன்றைக்கு நீங்களும் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

நான் கெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நீற்றி வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. அதில் தப்பு பண்ணவில்லை. கண்ணில் தெறித்தால் சுண்ணாம்பு கண்ணையே வேகவைத்துவிடும் என்று கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டேன். ஆனால் செங்கல்லை நனைக்காமல் முதல் சாந்தை அப்பினேன். காய்ந்த கல் சாந்திலிருந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. கரணையை எடுத்த இடத்தில் சாந்தும் கூடவே வந்தது.

அடுத்த நாள் நனைத்துவிட்டுப் பூசினேன், ஒட்டியது. அந்தச் சந்தோஷத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மேலிருந்து கீழே வருவதற்குள் சுவர் இரண்டு விரல்கடை உள்வாங்கியிருந்தது. நேர்படுத்திவிடலாம் என்று கீழ்ப்பக்கம் ஒரே தடவையில் கனமாக ஏற்றினேன். சுண்ணாம்புப் பூச்சை ஒரு தடவைக்குச் சுமார் பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. இதைப் படித்திருந்தேன், படித்துவிட்டுத்தான் செய்தேன். ராத்திரி பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது தொப்பென்று சத்தம் கேட்டது. காலையில் போய்ப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாம் முறை சுவர் எப்படிப் போகிறதோ அப்படியே மெல்லிசாகப் பூசிக்கொண்டு போனேன். அதையும் சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் சுவர் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல். சுண்ணாம்பு காய்வதும் இறுகுவதும் ஒன்றில்லையாமே. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் அது திரும்பக் கல்லாகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். அவசரமாகக் காய வைத்தால் மாவாகத்தான் நிற்கும். அப்புறம் நனைத்த சாக்குகளைச் சுவருக்கு முன்னால் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளிப்பானில் தண்ணீர் அடித்து, விரிசல் விழுந்த இடத்தையெல்லாம் மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடினேன். பாதிக்கு மேல் தேறியது.

ஜன்னல் சட்டத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தூசி பறக்காமல் நனைத்துத் தேய்த்தேன், முகமூடி போட்டுக்கொண்டேன். கை வலி தவிர வேறு கதை இல்லை.

கடைசியாக வெள்ளையடித்தேன். அடிக்கும்போது பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது, சுவரின் அழுக்கெல்லாம் அப்படியே தெரிந்தது. இது வேலைக்காகாது என்று சுண்ணாம்பைத் தயிர் பதத்துக்குக் கரைத்து அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தேன். மறுநாள் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் முதுகெல்லாம் வெள்ளை. ஈரத்தில் தெரியாத வெண்மை காய்ந்த பிறகுதான் எழும்புமாம். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பீர்கள். எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தண்ணீராகக் கரைத்து, ஐந்து கோட் அடித்தேன், கோட்டுக்கு ஒரு நாள்.

இப்போது நாற்காலி போட்டாயிற்று. ஒரு மழை பெய்து ஓய்ந்துவிட்டது, சுவரின் அடிப்பக்கம் இன்னும் உதிரவில்லை. உங்கள் நாலு விரல் தடத்தை மூடவில்லை, அதன் மேலேயே வெள்ளையடித்தேன். பார்க்கிறவர்கள் அந்த இடத்தை நான் சரியாகப் பூசவில்லை என்று நினைக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

எதிர்ச்சுவர் பாக்கி இருக்கிறது. நேற்று விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். அதுவும் பொக்கு.