ரத்தப் பை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடச் சொல், அதை மட்டும் விடாதீர்கள். இங்கே நான் சுகம். முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான். பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான், வீடு நிறைந்திருக்கிறது.

அவன்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் போட்டான். 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு'. 2015-இல் வந்தது. உலகம் அழிந்துபோன பிறகு, பாலைவனத்தில் லாரியும் காருமாகத் துரத்துகிற படம். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு மாவு அரைக்கப் போகலாம் என்றிருந்தேன். கடைசி வரை எழுந்திருக்கவில்லை. மூன்று நாளாக அதே நினைப்பு. இதை உனக்குத்தான் எழுத வேண்டும், வேறு யாருக்கும் புரியாது.

மேக்ஸ் என்கிறவனை ஒரு கொடுங்கோலனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனவுடனே முதுகில் பச்சை குத்துகிறார்கள். என்ன தெரியுமா? அவன் ரத்த வகை. ஓ நெகட்டிவ், எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று. அப்புறம் கூண்டில் தலைகீழாகத் தொங்கவிட்டு, நக்ஸ் என்ற நோயாளிப் பையனுக்கு அவனிடமிருந்து நேராக ரத்தம் ஏற்றுகிறார்கள். சண்டைக்குக் கிளம்பும்போதும் விடுவதில்லை. கார் முன்னால் அவனைக் கட்டி வைத்து, குழாயை உள்ளே ஓட்டுகிற நக்ஸின் கையோடு சேர்த்துவிடுகிறார்கள். மேக்ஸுக்கு அங்கே பெயரே கிடையாது, 'ரத்தப் பை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேரன் வண்டிகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். என் கண் அந்தக் குழாயை விட்டு நகரவில்லை.

படத்தின் முடிவில் ஃபியூரியோசாவுக்குக் கத்திக்குத்து. ஒரு கை இல்லாதவள்; அந்தக் கொடுங்கோலன் அடைத்து வைத்திருந்த பெண்களை லாரியில் ஒளித்துத் தப்பவைத்தவள் அவள்தான். மூச்சு திணறுகிறது. நெஞ்சுக்குள் காற்று சேர்ந்து நுரையீரல் சுருங்குகிறது என்று மேக்ஸுக்குத் தெரிகிறது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விலாவில் கத்தியை இறக்கிக் காற்றை வெளியே விடுகிறான். நம் கேசுவாலிட்டியில் விலா உடைந்து வருகிறவர்களுக்கு டாக்டர் ஊசி போட்டுக் காற்றை எடுப்பாரே, அதேதான்! நான் சோபா நுனிக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ரத்தம் நிறையப் போய்விட்டது, அவள் கண் சொருகுகிறது. உடனே தன் மேல் சுற்றியிருந்த அந்தப் பழைய குழாயையே எடுத்து, தன் ரத்தத்தை அவளுக்கு ஏற்றுகிறான். யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டிப்போடவில்லை. அப்போதுதான் முதல்முறையாகத் தன் பெயரை அவளிடம் சொல்கிறான்.

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. துரத்தல், நெருப்பு எல்லாம் இந்த ஒரு காட்சிக்காகத்தான் என்று தோன்றியது. பிடுங்கியபோதும் கொடுத்தபோதும் ரத்தம் அதேதான், குழாயும் அதேதான்.

பேரன் செல்லில் பார்த்துச் சொன்னான், டைரக்டர் ஜார்ஜ் மில்லர் முதலில் சிட்னியில் ஆஸ்பத்திரி டாக்டராம். விபத்து கேஸ் நிறையப் பார்த்தவராம். அதற்கப்புறம்தான் 1979-இல் முதல் மேட் மேக்ஸ் படத்தை எடுத்திருக்கிறார். எனக்கு ஆச்சரியமே இல்லை. வார்டில் நின்றவருக்குத்தான் அந்தக் காட்சி தோன்றும். இன்னொன்றும் சொன்னான். இந்தப் படத்தை ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் பக்கம்தான் எடுப்பதாக இருந்ததாம். அங்கே என்றுமில்லாத மழை பெய்து, செம்மண் காடெல்லாம் பூத்துவிட்டதாம். அதனால் நமீபியா பாலைவனத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பூவை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

படத்திலும் பை நிறைய விதை வைத்துக்கொண்டு ஒரு கிழவி வருகிறாள். போகிற இடமெல்லாம் ஒன்று ஊன்றிப் பார்க்கிறாள், இதுவரை எதுவும் பிடிக்கவில்லை. இருந்தும் பையை விடவில்லை. நம் வயதுக்காரிகள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், நீ கட்டாயம் பார்க்க வேண்டும். நக்ஸையும் பார். கழுத்தில் இரண்டு கட்டி, வெளிறின உடம்பு. கொடுங்கோலனுக்காகச் செத்தால் சொர்க்கம் என்று நம்ப வைத்து வளர்த்த பிள்ளை. தோற்றுப்போய் லாரிக்குள் சுருண்டு அழுகிறவனை, தப்பி வந்த பெண்களில் ஒருத்தி திட்டாமல் பக்கத்தில் படுத்து ஆறுதல் சொல்கிறாள். ராத்திரி டியூட்டியில் நீ அப்படித்தான் பிள்ளைகளிடம் பேசுவாய்.

அந்தப் பிரசவ கேஸ் ஞாபகமிருக்கிறதா? ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் ஒரு பை கூட இல்லை. நீ வராந்தாவில் நின்று ஒவ்வொருவராக வகை கேட்டுக்கொண்டே போனாய். வேறு யாரையோ அடிபட்டுக் கொண்டுவந்திருந்த ஒரு லாரி டிரைவர் எழுந்து கையை நீட்டினார். நரம்பு நன்றாகத் தெரிந்தது, முழங்கையில் கிரீஸ் கறை. ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு தடவை துடைத்தேன். கொடுத்துவிட்டு, நான் கொடுத்த டீயைக் கூட முழுசாகக் குடிக்காமல், லோடு நிற்கிறது என்று கிளம்பிவிட்டார். விடிவதற்குள் அந்தப் பெண்ணுக்கு நாடி சரியாகிவிட்டது.

சீட்டில் அவர் பெயரை எழுதியது நான்தான். மூன்று நாளாக யோசிக்கிறேன், நரம்பும் கறையும் வருகிறது, பெயர் வரவில்லை. உனக்குத் தெரிந்தால் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய டியூட்டித் தோழி